ஆறு புள்ளிகளும் ஆசிரியரும்

விழிப்புலனற்றோர் கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் லூயி பிறெயிலின் இளமையையே விரித்துரைப்பர். தந்தையின் தோற்பட்டறையில் மூன்று வயதிற் கண்ணிற் காயமுற்றுப் பார்வையிழந்த சிறுவன், பதினைந்து வயதில் ஓர் எழுத்துமுறையை ஆக்கினான் என்பது உருக்கமான செய்திதான். ஆயின் 1824 ஆம் ஆண்டளவில் உருவான அம்முறை, அவர் பயின்ற பாரிஸ் பள்ளியில் 1854 இலேயே முறைப்படி ஏற்கப்பட்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளே நமது ஆராய்ச்சிக்குரியன.

1785 இல் வலன்ரின் ஹாயி அப்பள்ளியை நிறுவியபோது, பார்வையுள்ளோர் படிக்கும் எழுத்துகளையே தாளிற் புடைக்கச் செய்து மாணவர்க்கு வழங்கினார். தடவி அறிதல் மிக மெதுவான வேலை, நூல்களோ பாரமானவை, மாணவர் தாமாக எழுதுவதற்கும் எளிய வழியில்லை. எனினும் கண்ணுக்கேற்ற வடிவம் விரலுக்கும் ஏற்றதே என்ற எண்ணம் ஆசிரியரை விட்டு எளிதில் நீங்கவில்லை. பின்னர் சாள்ஸ் பார்பியே என்னும் இராணுவ அதிகாரி கொணர்ந்த பன்னிரு புள்ளி முறை, ஒலிகளைக் குறித்ததேயன்றி எழுத்துகளைக் குறிக்கவில்லை, விரல்நுனிக்குள் அடங்கவுமில்லை. பிறெயில் அதனை ஆறு புள்ளிகளாக்கினார். அவற்றால் 63 குறிகள் பெறப்படும்.

1829 இல் அம்முறை நூலாக வெளிவந்தது. பிறெயில் அப்பள்ளியிலேயே ஆசிரியருமானார். ஆயினும் 1840 இற் பணிப்பாளரான டூபோ அம்முறையை விலக்கினார். டூபோவை அறிவிலி எனத் தள்ளிவிட முடியாது. பிறவியிலேயே பார்வையற்றோரின் உடல், ஒழுக்க, அறிவு நிலைகள் பற்றி 1837 இலேயே நூலெழுதிய ஆய்வாளர் அவர். தனியெழுத்து வழங்கின் அவர்கள் சமூகத்தினின்றும் பிரிந்துபோவர் என்பது அத்தரப்பினரின் வாதம். அது அற்பமான வாதமுமன்று. ஆனால் அதனைத் தீர்மானித்தோர் கண்ணாற் படிப்பவர்கள். மாணவரோ தடைக்குப் பின்னும் மறைவாகப் புள்ளிகளிலேயே எழுதினர். துணைப் பணிப்பாளர் குவாடே அம்முறையை ஆதரித்ததன் பயனாக, 1844 இல் புதிய கட்டடத் திறப்புவிழாவில் அது அவையோர் முன் செய்துகாட்டப்பட்டது. பிறெயில் 1852 இல் மறைந்தார். முறையான ஏற்பை அவர் காணவில்லை.

1951 இல் யுனெஸ்கோவின் ஆதரவிற் பெய்ரூத்திற் கூடிய மாநாடு, நமது பிராந்திய மொழிகளின் பிறெயில் எழுத்துகளை ஒருமைப்படுத்த முயன்றது. இன்றைய தமிழ்ப் பிறெயிலில் ‘கெ’ என எழுதுகையில் ககரம் முன்னும் எகரம் பின்னும் வரும். அச்சிலோ கொம்பு முன்னே நிற்கிறது. விரல் படிப்பது ஒலியின் வரிசையை. பயிற்சிக் காலத்தில் இதனைக் கற்காத ஆசிரியர், பிள்ளை சரியாக எழுதியதையே பிழையெனத் திருத்தவுங்கூடும்.