எழுதப்படாத விதி: பம்பாய் நெசவு ஆலைகள் நமக்குச் சொல்வது

தொழிற்சங்க விதிகள் நிறுவனத்தின் கையைக் கட்டிப்போடுகின்றன என்கிறார்கள் முதலாளிகள். அந்த விதிகள்தான் தொழிலாளிக்குக் கவசம் என்கிறார்கள் சங்கத் தலைவர்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் கவசத்துக்குள் யார் இருந்தார்கள், யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள்? இதற்குப் பதில் தேட நாம் 1928ஆம் ஆண்டின் பம்பாய்க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் சுமார் ஒன்றரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது ஏறக்குறைய ஆறு மாதம் நீடித்தது. சண்டைக்குக் காரணம் கூலிக் குறைப்பு மட்டுமல்ல, வேலை விதிகளும்தான். இரண்டு தறி ஓட்டிய நெசவாளி இனி மூன்று தறி ஓட்ட வேண்டும் என்று ஆலை முதலாளிகள் திட்டம் போட்டார்கள். முதலாளிக்கு அது செலவுக் குறைப்பு. தொழிலாளிக்கோ வேலைப் பளுவும், பக்கத்தில் நிற்பவனின் வேலையிழப்பும். கம்யூனிஸ்டுகள் தலைமையில் உருவான கிர்ணி காம்கார் சங்கம் இதை எதிர்த்து நின்றது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அதே ஆலைகளில் எந்தத் தாளிலும் எழுதப்படாத இன்னொரு விதியும் இருந்தது. நெசவுப் பகுதியில் தீண்டப்படாதார் வேலை செய்யக் கூடாது. தறியில் தார் தீர்ந்ததும் புதுத் தாரை நாடாவுக்குள் மாட்டி, நூல் முனையை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுப்பது அன்றைய வழக்கம். தலித் ஒருவரின் எச்சில் பட்ட நாடாவில் தாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் சாதி இந்து நெசவாளர்கள். நெசவில்தான் கூலி அதிகம். அதனால் தலித் தொழிலாளர்கள் கூலி குறைந்த நூற்புப் பகுதியிலேயே தேங்கி நின்றார்கள்.

அண்ணல் அம்பேத்கர் இதை வேலைநிறுத்தத் தலைவர்களிடம் நேராக எழுப்பினார். எல்லாப் பகுதிகளிலும் வேலை செய்யும் உரிமையைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்காவிட்டால், வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ள வேண்டாம் என்று தம் மக்களிடம் சொல்வேன் என்றார். அரைமனதோடு சேர்த்தார்கள். கோரிக்கை முதலாளிகளிடம் போனபோது, இது அநீதி என்றால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பதிலை நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரம் முதலாளியிடமும் அவருடைய மேஸ்திரியிடமும்தான் இருந்தது. எனவே அவர் கை சுத்தமல்ல. ஆனாலும் விலக்கைக் காவல் காத்தவர்கள் சக தொழிலாளர்கள் என்பதை மறுக்க முடியாது. முதலாளிக்கு இதில் நட்டமும் பெரிதாக இல்லை. பிளவுபட்ட தொழிலாளர் கூட்டம் அவருக்கு இலவசமாகக் கிடைத்தது.

விலையைக் கொடுத்தது சங்கம். 1929இல் மீண்டும் பொது வேலைநிறுத்தம் வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரிக்கவில்லை. வேலைக்குத் திரும்ப விரும்பிய தலித் தொழிலாளர்களின் பக்கம் நின்றார். அந்தப் போராட்டம் தோற்றது. மீரட் சதி வழக்கில் தலைவர்கள் சிறைப்பட்டிருந்தது முக்கியக் காரணம்தான். ஆனால் தன்னைச் சமமாக நடத்தாத சங்கத்துக்காகப் பட்டினி கிடக்க யார் முன்வருவார்கள்?

இதை வைத்து அம்பேத்கரைத் தொழிலாளர் விரோதி என்றவர்கள் உண்டு. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியவர் அவர். 1938 பிப்ரவரியில் மன்மாடில் தலித் இரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளர்களின் இரண்டு எதிரிகள் என்று பேசினார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையை முடக்கிய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு தோள் சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தினார். அவர் எதிர்த்தது தொழிற்சங்கத்தை அல்ல, அதற்குள் இருந்த சாதியை.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவரிடம் இருந்தது. அந்தக் காலத்தில்தான், 1946இல், நிலையாணைகள் சட்டம் வந்தது. நூறு பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, வேலைநீக்கம் பற்றிய விதிகளை நிறுவனம் எழுதி வைத்துச் சான்று பெற வேண்டும் என்றது அந்தச் சட்டம். வாய்மொழி விதியில் மேஸ்திரியின் மனசுதான் சட்டம். எழுத்து விதியில் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைக்கிறது. நிறுவனத்துக்கும் இது நல்லதுதான், தகராறு எங்கே தொடங்கும் என்பது முன்கூட்டியே தெரியும். 2020இன் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அந்த எல்லையை முந்நூறு தொழிலாளர்களாக உயர்த்திவிட்டது. சின்ன நிறுவனங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அந்தப் பிடியை இழக்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, சங்கம் வேண்டாம் என்பதல்ல நம் முடிவு. சங்கத்துக்குள் போவோம். போனதும், எழுதிய விதிகளைப் படிப்பதோடு நிறுத்தாமல், எழுதாத விதிகளையும் தேடுவோம். துப்புரவுப் பணியில் யார், இயந்திரத்தின் முன் யார், நிரந்தர வேலையில் யார், ஒப்பந்தத்தில் யார் என்று கணக்கெடுப்போம். அந்தக் கணக்கைக் கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரியில் அல்ல, முதல் வரியில் வைக்கச் சொல்வோம்.