வலி தணிக்கும் கைகளுக்கு ஓர் அளவுகோல்

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு சிவகாசி திரும்பிய வரலாறு எங்கள் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதன் கிளையாகப் பின்னாளில் பட்டாசுத் தொழில் வளர்ந்தது. வெடிமருந்தை எவ்வாறு கையாள வேண்டும் என்பதற்கு 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இன்று நாடு முழுவதற்கும் ஒன்றே. அவ்விதிகள் இருந்தும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மடிந்தனர். ஆயினும் எது தவறு என்று சுட்டிக்காட்ட அங்கே ஓர் அளவுகோலாவது இருந்தது.

மரணப் படுக்கையில் கிடப்பவரைத் தொடும் கைகளுக்கு அப்படி ஓர் அளவுகோல் உண்டா?

இக்கேள்வி எனக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. என் தந்தையார் புற்றுநோயால் படுத்திருந்த கடைசி மாதங்களில், அடுத்தடுத்து இரண்டு பெண்கள் பராமரிக்க வந்தனர். இருவருமே ‘பயிற்சி பெற்றவர்கள்’ என்றே அனுப்பப்பட்டனர். முதலாமவர், முதுகில் சிவந்திருந்த இடத்தை அன்போடு அழுத்தித் தேய்த்துவிட்டார், அது புண்ணாயிற்று. அடுத்து வந்தவர், சிவந்த தோலைத் தேய்க்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று என் அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். அன்பில் இருவருக்கும் குறைவில்லை. கற்பிக்கப்பட்டதில்தான் வேறுபாடு.

இத்துறையைத் தமிழக அரசு ‘வலி நிவாரண ஆதரவு சிகிச்சை’ என்கிறது. இதன் நவீன வரலாறு 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்திலிருந்து பேசப்படுகிறது. செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் மருத்துவராகவும் அடுத்தடுத்துப் பயின்றவர் அவர். ஒரு நோயாளியின் வலிக்கு ஒரு துறையின் கல்வி போதாது என்பதை அவர் வாழ்க்கையே சொல்கிறது. இந்தியாவில் 1986இல் மும்பையில் சாந்தி அவேதனா சதன் பிறந்தது. 1993இல் கோழிக்கோட்டில் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய சங்கம் வேறொரு வழியைத் திறந்தது. அங்கே அண்டை வீட்டுக்காரர்களே பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டுக்குச் சென்றனர். மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் ஆறு வாரம், துணைச் செவிலியர்க்கு மூன்று மாதம் என்று கேரளத்தில் பாடங்கள் வகுக்கப்பட்டன. 2008இல் அம்மாநிலம் இதற்கெனத் தனிக் கொள்கையையே அறிவித்தது.

தேசிய அளவிலோ நடை தளர்ந்தே இருந்தது. எங்கள் மாவட்டம் உருவான அதே 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம், மார்பினைத் தொடவே மருத்துவர்களை அஞ்சவைத்தது. அச்சட்டம் 2014இல்தான் திருத்தப்பட்டது. 2010இல் இது தனி மருத்துவத் துறையாக அங்கீகாரம் பெற்றது; 2012இல் தேசியத் திட்டம் வந்தது. 2014இல் உலக சுகாதாரப் பேரவை மூன்று படிகளை வகுத்தது: மருத்துவப் பணியாளர் அனைவர்க்கும் அடிப்படைப் பயிற்சி, கடும் நோயாளிகளை அன்றாடம் பார்ப்போர்க்கு இடைநிலைப் பயிற்சி, சிக்கலான நிலைகளைக் கையாள்வோர்க்குச் சிறப்புப் பயிற்சி.

மருத்துவரின் படி ஓரளவு உறுதியாகிவிட்டது. படுக்கையின் அருகே அதிக நேரம் இருப்பவரின் படிதான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. பயிற்சியின் காலமும் பாடமும் நடத்துகிற நிறுவனத்துக்கு ஏற்ப மாறுகின்றன.

பொது அளவுகோல் என்றதும் ஓர் ஐயம் எழுவது இயல்பு: சான்றிதழ் இல்லை என்று அண்டை வீட்டாரை வாசலிலேயே நிறுத்திவிட மாட்டோமா? நியாயமான அச்சந்தான். கோழிக்கோட்டின் வலிமையே அந்த அண்டை வீட்டார்தாம். ஆகவே அளவுகோல் அன்பை அளக்க வேண்டாம். புண்ணைப் பார்க்கவும், வலி எவ்வளவு என்று கேட்கவும், மார்பினின் கணக்கைக் குறிக்கவும், தன்னால் இயலாதபோது யாரை அழைப்பது என்று அறியவும் தெரிந்திருக்கிறதா என்பதை மட்டும் அளந்தால் போதும்.

2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இச்சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. தீக்காயத் தழும்புகளோடு முடங்கியவர்களும் புற்றுநோயாளிகளும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் எங்கள் ஊர்களுக்கு அது பெரும் பேறு. கதவைத் தட்டுகிறவர் வந்துவிட்டார். சாத்தூரில் தட்டுகிறவரும் மலப்புறத்தில் தட்டுகிறவரும் ஒன்றையே கற்றிருக்க வேண்டும் என்பதே இனி நாம் கேட்க வேண்டியது. என் தந்தையாருக்கு இரண்டாவதாக வந்த அந்தப் பெண், ஒவ்வொரு வீட்டுக்கும் முதலாவதாகவே வர வேண்டும்.