கிராக்சைடு மாளிகை

இங்கிலாந்தின் வடபகுதியில், நார்தம்பர்லாந்தின் ராத்பரி என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பாறைச் சரிவில் கிராக்சைடு மாளிகை உள்ளது. நீர்மின்சாரத்தால் விளக்கேற்றப்பட்ட உலகின் முதல் வீடு இதுவே எனக் கருதப்படுகிறது.

இதைக் கட்டியவர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் (1810–1900). வழக்கறிஞராக இருந்து பொறியாளரானவர். நீரழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கிகளைச் செய்ய 1847இல் நியூகாசிலின் எல்ஸ்விக் பகுதியில் தொழிற்சாலை தொடங்கினார். கிரிமியப் போர்க் காலத்தில் பீரங்கி செய்வதிலும் இறங்கினார்.

1863இல் அவர் கட்டத் தொடங்கியது, விடுமுறைக்குத் தங்கும் ஒரு சிறு வீடுதான். 1869 முதல் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நார்மன் ஷா அதை விரிவாக்கினார். விருந்தினர்கள் வேட்டைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் முழுப் படத்தையும் வரைந்து முடித்தார் என்று ஒரு கதை உண்டு. வேலையோ 1880கள் வரை நீண்டது. செங்குத்தான கூரைகள், உயர்ந்த புகைபோக்கிகள், மரச்சட்டங்கள் தெரியும் முகப்புகள் என ஒவ்வொரு பக்கமும் வேறு வீடுபோலத் தோன்றும். இதை ஒழுங்கின்மை என்பார்கள் சிலர். பாறைச் சரிவில் வேறெப்படிக் கட்டுவது? வரவேற்பறையின் பளிங்குக் கணப்பு மட்டுமே சுமார் 10 டன் எடை. அதைத்தான் மிகை என்று சொல்ல வேண்டும்.

ஓடைகளுக்கு அணையிட்டு ஏரிகளை உண்டாக்கினார் ஆர்ம்ஸ்ட்ராங். அந்த நீரே மின்தூக்கியின் வேலையை மின்சாரமின்றிச் செய்தது. சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பியையும் சுழற்றியது. 1878இல் அதே நீர் டைனமோவை ஓட்ட, ஓவியக் கூடத்தில் வில்விளக்கு எரிந்தது. 1880இல் ஜோசப் ஸ்வானின் இழை விளக்குகள் வந்தன. மின்விளக்கு என்றதும் மாணவர்கள் எடிசனை மட்டுமே சொல்வார்கள். ஸ்வானையும் நினைவில் வைக்க வேண்டும். நூலகத்தில் செம்புச் சாடிகளின் மேல் விளக்குகளைப் பொருத்தியிருந்தனர். சாடியைப் பீடத்திலிருந்து தூக்கினால் விளக்கு அணையும். திரும்ப வைத்தால் எரியும். அன்றைய சுவிட்சு அதுதான்!

இந்த வசதிகளுக்கான பணம் எல்ஸ்விக்கில் உழைத்தவர்களிடமிருந்து வந்தது. மாளிகை வளர்ந்துகொண்டிருந்த 1871இல், நியூகாசில் பொறியியல் தொழிலாளர்கள் 9 மணி நேர வேலைநாள் கேட்டு சுமார் 5 மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். எதிர்த்து நின்ற முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர் ஆர்ம்ஸ்ட்ராங். வென்றவர்கள் தொழிலாளர்களே. மாளிகைக்கு வந்த விருந்தினர்களும் அழகை ரசிக்க மட்டும் வந்தவர்கள் அல்லர். 1889இல் பாரசீக மன்னரும் 1897இல் சயாம் மன்னர் சூலலங்கோர்னும் வந்தனர். எல்ஸ்விக் அப்போது பீரங்கிகளோடு போர்க்கப்பல்களையும் பல நாடுகளுக்கு விற்றுவந்தது.

ஆர்ம்ஸ்ட்ராங்குக்குக் குழந்தைகள் இல்லை. சொத்தைப் பெற்ற உறவினர் பண நெருக்கடியில் 1910இல் சிறந்த ஓவியங்களை விற்றுவிட்டார். 1977இல் மாளிகை நேஷனல் டிரஸ்டின் பொறுப்புக்கு வந்தது.