மறுத்தவர்கள் யார்? ஒடிசா, 1999

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவின் பாரதீப் அருகே கரையேறிய பெரும்புயலைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரு கூற்றைத் தவறாமல் சொல்கின்றனர்: எச்சரிக்கை விடுக்கப்பட்டது, மக்கள் வெளியேற மறுத்துவிட்டனர். அரசுக் கணக்கின்படி இறந்தோர் ஏறத்தாழ 10,000 பேர். அவர்களுள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜகத்சிங்பூர் என்ற ஒரே மாவட்டத்தினர். அதிலும் எரசமா ஒன்றியத்தில்தான் அழிவு மிகுதி.

'மறுத்தல்' செயப்படுபொருள் வேண்டும் வினை. ஒன்று தரப்பட்டால்தான் அதை மறுக்க முடியும். எரசமாவின் மக்களுக்குத் தரப்பட்டது என்ன? ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடிசாக் கடற்கரையில் அப்போது இருந்தவை செஞ்சிலுவைச் சங்கம் கட்டிய 23 புயல் புகலிடங்கள். அவை நிரம்பின, உள்ளே இருந்தோரைக் காத்தன. மற்றவர்களுக்கோ மண்சுவரும் வைக்கோற்கூரையும் கொண்ட வீட்டிலிருந்து எங்கே போவது என்ற கேள்விக்கு விடை இல்லை. போக்கிடம் இல்லாதவர் இருந்த இடத்திலேயே இருப்பதை மறுப்பு என்று பதிவுசெய்வது நிர்வாக மொழிக்கு வசதியானது. வரலாற்று மொழிக்கு அது போதாது.

ஆயினும், போக வழியிருந்தும் போகாதவர்களும் இருந்தனர். அவர்களை அறியாமையில் ஆழ்ந்தவர் என ஒதுக்குவது எளிது. அவர்கள் சான்றுகளைக் கொண்டே முடிவெடுத்தனர் என்பதே கூடுதல் பொருத்தம். பன்னிரண்டு நாள்களுக்கு முன், அக்டோபர் 17 அன்று, மற்றொரு புயல் தெற்கே கஞ்சாம் மாவட்டத்தைத் தாக்கியிருந்தது, ஜகத்சிங்பூர் தப்பியது. 1971 அக்டோபரில் இதே கரையைத் தாக்கிய புயலிலும் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். ஆனால் அந்தப் புயலைப் பற்றி 1999-இல் பேசக்கூடியவர்கள் பிழைத்தவர்கள் மட்டுமே. வீட்டிலேயே இருந்து பிழைத்தவரின் அனுபவம் ஊருக்கு அறிவுரையாகிறது. வீட்டிலேயே இருந்து இறந்தவரின் அனுபவம் யாருக்கும் கிட்டுவதில்லை. வாய்மொழி வரலாற்றோடு பணிபுரிவோர் அனைவரும் எதிர்கொள்ளும் இடர்தான் இது. இன்னும் பின்னால், 1885-இல், மகாநதி முகத்துவாரத்தை ஒட்டிய ஃபால்ஸ் பாயின்ட்டைக் கடல்நீர் மூழ்கடித்தது. அதைக் கண்டவர் எவரும் 114 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்திருக்க வாய்ப்பில்லை.

எச்சரிக்கையின் மொழியையும் பார்க்க வேண்டும். 'சூப்பர் சைக்ளோன்' என்ற வகைப்பாட்டை இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிமுகப்படுத்தியதே 1999-இல்தான். கேட்டவர் ஒப்பிட்டுப் பார்க்க முன்மாதிரி ஏதுமில்லை. ஒடியாவில் அது 'மஹாபாத்யா' ஆயிற்று. 'வாத்யா' என்ற வடசொல்லின் பொருள் சுழல்காற்று. ஆக, இது பெருங்காற்று. காற்றுக்கு அஞ்சுபவர் கூரையைக் கயிற்றால் கட்டுவார், சுவரோரம் பதுங்குவார். எரசமாவில் உயிர்களைக் கொண்டுசென்றதோ 5 முதல் 6 மீட்டர் உயரம் எழுந்த கடல்நீர். அந்த நீர் பெயருக்குள் இல்லை.

நீருக்குத் தடையாக நின்றிருக்கக்கூடிய அலையாத்திக் காடுகளும் அதற்குள் பெருமளவு அழிக்கப்பட்டிருந்தன. காட்டின் அகலம் மிகுந்திருந்த கேந்திரபாடா ஊர்களில் இறப்பு குறைவு என்பதைச் சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்ட்டும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையேறுமுன் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். ஒடிசாவில் இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. பதினான்கு ஆண்டுகளில் மக்கள் கீழ்ப்படியக் கற்றனர் என்று இதை விளக்குவோர் உண்டு. நடந்தது வேறு. 1999 இறுதியில் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. புகலிடங்கள் பன்மடங்கு பெருகின. சொந்த ஊர்க்காரர்களே தன்னார்வலராகப் பயிற்சி பெற்றனர். அப்போதும் மாட்டையும் வீட்டையும் காக்கவென்று பின்தங்கியோர் இருந்தனர், சிலரைக் காவல்துறை வற்புறுத்தியே அழைத்துச் செல்ல நேர்ந்தது. ஆனால் அதற்குள் 'மஹாபாத்யா' என்ற சொல்லில் நீரும் சேர்ந்திருந்தது. இன்று ஒடிசாவில் ஆண்டைக் குறிப்பிடாமல் அச்சொல்லைச் சொன்னாலே அது 1999-ஐத்தான் குறிக்கும்.