சுரண்டப்பட்ட பெயர்

இன்று விவிலியத்தை ஒரு கையில் ஏந்தி ஆலயத்திற்கு வருகிறோம். ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன் ஒரு முழு விவிலியத்தைத் தூக்குவதே பெரும்பாடு!

இங்கிலாந்தின் வடபகுதியில் வியர்மவுத், ஜாரோ என்னும் இரட்டை மடங்களின் அதிபர் செயோல்பிரித். அவர் இலத்தீன் விவிலியத்தை மூன்று பெரும் பிரதிகளாக எழுதச் செய்தார். மடத்திற்கு ஒன்றாக இரண்டு. மூன்றாவது உரோமையில் புனித இராயப்பருக்குக் காணிக்கை. பதப்படுத்திய தோலில் ஆயிரத்திற்கு மேற்பட்ட ஏடுகள். எடையோ சுமார் 34 கிலோ!

716-ஆம் ஆண்டு, 70 வயதைக் கடந்த அதிபர் பதவி துறந்து, அந்நூலுடன் உரோமைக்குப் புறப்பட்டார். வழியில், இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள லாங்கர் நகரில், செப்டம்பர் 25 அன்று இறைவனடி சேர்ந்தார். உடன் வந்தோரில் சிலர் பயணத்தைத் தொடர்ந்தனர்.

பிற்காலத்தில் நூல் இத்தாலியின் அமியாத்தா மலை மடத்தை அடைந்தது. காணிக்கை வரிகளில் செயோல்பிரித்தின் பெயரைச் சுரண்டிவிட்டு, வேறோர் அதிபரின் பெயரை எழுதினர். நூல் இத்தாலியில் பிறந்ததென்றே பலரும் எண்ணினர். 1880-களில் தெ ரோசி என்ற அறிஞர் சுரண்டலின் அடியில் பழைய பெயரைக் கண்டார். செயோல்பிரித்தின் பழைய வரலாற்று நூலொன்றில் அதே வரிகள் இருந்தமை ஐயத்தைப் போக்கிற்று.

நமக்குக் கிடைத்துள்ள முழுமையான வுல்காத்தா விவிலியங்களுள் மிகப் பழமையானது இதுவே. இன்று பிளாரன்சு நகரின் லாரன்சிய நூலகத்தில் உள்ளது. பெயரைச் சுரண்ட முடிந்தது; அவர் சுமந்த வார்த்தையையோ எவராலும் அழிக்க இயலவில்லை.