சமநிலை என்பது ஓய்வு அன்று

சமநிலை என்றதும் ஆடாது நிற்கும் தராசு முள்ளே நினைவில் எழும். இரசாயனத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே எதுவும் நின்றுவிடுவதில்லை. முன்னோக்கிய வினையும் பின்னோக்கிய வினையும் ஒரே வேகத்தில் நடப்பதால், நின்றது போன்ற தோற்றம் மட்டுமே உண்டாகிறது. இதனை உணர்வதில் மாணவர் இடறினால் வியப்பில்லை. அறிஞர் உலகிற்கே ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

1775-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்க்மன், பொருள்களுக்கிடையேயுள்ள நாட்டத்தை அட்டவணையாக வகுத்தார். நாட்டம் மிக்க பொருள் மற்றதை விலக்கி அதன் இடத்தைப் பெறும். வினை ஒரே திசையில் முடிவு வரை செல்லும் என்பது அக்காலத்தார் கொள்கை. இதில் ஐயம் பிறந்த இடம் எகிப்து. 1798-இல் நெப்போலியன் படையுடன் அங்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் பெர்த்தொலே, நாட்ரன் ஏரிக்கரைகளில் சோடா படிந்திருக்கக் கண்டார். ஆய்வுக்கூடத்தில் சோடாவும் கால்சியம் குளோரைடும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டும் கறியுப்பும் விளையும். ஏரிக்கரையிலோ உப்பும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து, வினை தலைகீழாக நடந்திருப்பதாக அவர் கொண்டார். உப்பின் மிகுதியே காரணம் என்று துணிந்தார். பொருளின் தன்மை மட்டுமன்றி அதன் அளவும் வினையின் போக்கை மாற்றும் என்பதை 1803-இல் நூலாக விரித்தெழுதினார்.

இக்கருத்தைக் கணக்கில் அமைத்தவர்கள் நார்வே நாட்டுக் குல்ட்பெர்க்கும் வாகேயும் ஆவர். 1864-இல் தம் தாய்மொழியில் அவர்கள் வெளியிட்ட விதியை வெளியுலகம் நெடுநாள் கவனிக்கவில்லை. 1884-இல் டச்சு அறிஞர் வான்ட் ஹாஃப், எதிரெதிரான இரு அம்புகளால் மீள்வினையைக் குறித்து, இரு திசை வேகங்களும் ஒத்திருப்பதே சமநிலை என விளக்கினார். அதே ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லெ சாட்லியே, சமநிலையில் உள்ளதன்மேல் ஒரு மாற்றத்தைச் சுமத்தினால், அம்மாற்றத்தைத் தணிக்கும் பக்கமாகவே அது நகரும் என்ற விதியைத் தந்தார்.

இவ்விதியின் பெரும்பயன் அமோனியாவில் விளைந்தது. ஒரு பங்கு நைட்ரசனும் மூன்று பங்கு ஐதரசனும் கூடி இரண்டு பங்கு அமோனியா ஆகும், வெப்பமும் வெளிப்படும். நான்கு பங்கு வாயு இரண்டாகக் குறைவதால், அழுத்தம் மிகுந்தால் விளைச்சல் மிகும். குளிர்ச்சியும் விளைச்சலைக் கூட்டும். ஆனால் வினை மிக மெல்லவே நடக்கும். 1909-இல் ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஹேபர், மிகுந்த அழுத்தத்தையும் வினையூக்கியையும் கொண்டு இச்சிக்கலை அவிழ்த்தார். வினையூக்கி இரு திசைகளையும் ஒருசேர விரைவுபடுத்துமேயன்றிச் சமநிலையை இடம் மாற்றாது. ஆகவே, விளைந்த அமோனியாவைக் குளிர்வித்துப் பிரித்தெடுத்து, எஞ்சிய வாயுவை மீண்டும் உலைக்குள் செலுத்தினார். கார்ல் போஷ் இதனைப் பெருந்தொழிலாக்க, 1913-இல் ஒப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கிற்று.

கெடா மாநிலத்தாருக்கு இந்த அமோனியா அயற்பொருள் அன்று. இம்முறையில் அமோனியாவும் அதிலிருந்து யூரியாவும் ஆக்கும் பெரிய ஆலை 1990-களின் இறுதியில் குரூணில் எழுந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே, ரப்பர்ப் பால் விரைவில் உறையாதிருக்க அமோனியா சேர்ப்பது தோட்டங்களில் வழக்கமாயிற்று. மூடிய கலத்தில் அமோனியா நீரிலிருந்து வெளியேறும் வேகமும் மீண்டும் கரையும் வேகமும் ஒத்துவிடும். திறந்துவிட்டால் வாயு வெளியே போய்விடுகிறது. திரும்பிக் கரைவதற்கு ஒன்றுமில்லை. அதனால் சமநிலை குலைந்து, அமோனியா குறையக் குறையப் பால் கெட்டு உறையத் தொடங்கும்.

குரூண் ஆலையில் அமோனியாவைப் பிரித்தெடுப்பதும், திறந்த வாளியிலிருந்து அது தப்பிப்போவதும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன: விளைந்ததை நீக்கினால், அதை ஈடுசெய்யும் திசையில் வினை நடக்கும். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து விளக்கினால், இரட்டை அம்பு வெறும் குறியாக நின்றுவிடாது. மாணவர் கண்முன் இயங்கும்.