'ஃபாஸ்ட்லி' ஏன் இல்லை?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஏழாம் வகுப்பு படிக்கும் அவள் மகன், 'அவன் வேகமாக ஓடினான்' என்பதற்கு 'ஹி ரேன் ஃபாஸ்ட்லி' என்று எழுதியிருக்கிறான். மார்க் போனது போகட்டும், வகுப்பே சிரித்துவிட்டதாம். அதிலிருந்து ஆங்கில வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். "ஸ்லோவுக்கு ஸ்லோலி, குயிக்குக்கு குயிக்லி. ஃபாஸ்டுக்கு மட்டும் ஏன் சார் இல்லை?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. விதியைச் சரியாகப் பிடித்துக்கொண்ட பிள்ளைதான் இப்படி எழுதும். இதற்குப் பதில் தேட ஆயிரம் வருடம் பின்னால் போக வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் 'லீச்' என்றால் உடல். ஜெர்மன் மொழியில் இன்றும் 'லைஹெ' என்றால் பிணம்! இந்தச் சொல் இன்னொரு சொல்லின் வாலில் ஒட்டினால், 'அந்த உருவம் உடைய, அதைப் போன்ற' என்று பொருள் தரும். நண்பனைப் போன்ற என்பதுதான் ஃப்ரெண்ட்லி. ஆகவே 'லி' முதலில் அட்ஜெக்டிவ் செய்யத்தான் பிறந்தது. 'லி வந்தால் அட்வெர்ப்' என்று நாம் பள்ளியில் படித்தது பாதி உண்மைதான்.

அட்வெர்ப் செய்ய அன்று வேறு வழி இருந்தது. சொல்லின் கடைசியில் ஓர் 'எ' ஒலி சேர்த்தால் போதும். 'ஃபாஸ்ட்' என்றால் உறுதியான, 'ஃபாஸ்டெ' என்றால் உறுதியாக. (வேகம் என்ற பொருள் பிறகு வந்தது.) 'லீச்' உடன் 'எ' சேர்ந்து 'லீச்செ' ஆனது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வந்த சில நூற்றாண்டுகளில், சொல்லின் கடைசி ஒலிகள் பேச்சில் தேய்ந்து மறைந்தன. ஃபாஸ்ட், ஃபாஸ்டெ இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஹார்டுக்கும் இதே கதைதான். வால் தேய்ந்ததால் அடையாளம் இல்லாமல் போன மற்ற அட்வெர்புகளுக்கு 'லி' கைகொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், 'ஃபாஸ்ட்லீச்செ' என்றும் ஒரு சொல் அன்று இருந்தது, உறுதியாக என்ற பொருளில். அது வழக்கொழிந்துவிட்டது. பையன் எழுதியது செத்துப்போன சொல்லின் பேரன்.

அப்புறம் சட்டாம்பிள்ளைகள் வந்தார்கள். ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் 1762இல் ஓர் ஆங்கில இலக்கணம் வெளியிட்டார். பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். அட்வெர்ப் வரவேண்டிய இடத்தில் அட்ஜெக்டிவைப் போட்டார்கள் என்று அவர் குற்றம் பிடித்தவர்கள் யார் தெரியுமா? ஷேக்ஸ்பியர், டிரைடன், ஸ்விஃப்ட், அடிசன்! அனைவரும் அப்போது உயிரோடு இல்லை, பதில் சொல்ல ஆளில்லை. 1795இல் லிண்ட்லி மர்ரே என்ற அமெரிக்கர், யார்க் நகரப் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக எழுதிய இலக்கணம், லௌத்தின் கருத்துகளை ஊர் ஊராகக் கொண்டுபோனது. நம் கைக்கு வந்த பாடப்புத்தகங்களும் அந்த வழியில் வந்தவைதான். ஷேக்ஸ்பியருக்கே மார்க் குறைந்திருக்கிறது என்று அந்தப் பையனிடம் சொல்லச் சொன்னேன்.

நம் பிள்ளைகளுக்கு உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அழகான, அழகாக என்று நமக்கு 'ஆன', 'ஆக' என்ற தெளிவான வேறுபாடு உண்டு. பெரும்பாலும் இதை வைத்தே ஆங்கிலத்தைச் சமாளித்துவிடலாம். ஆனால் 'அவள் அழகாக இருக்கிறாள்', 'சாம்பார் ருசியாக இருக்கிறது' என்னும்போது நாம் 'ஆக' போடுகிறோம், ஆங்கிலம் அட்ஜெக்டிவ் போடுகிறது. 'ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்' தான், 'பியூட்டிஃபுலி' வராது. லுக், டேஸ்ட், ஸ்மெல், ஃபீல் போன்றவை ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் இப்படித்தான். விடைத்தாளில் நான் அதிகம் திருத்தியது இதைத்தான்.

இன்னொன்று. ஹார்ட்லி என்ற சொல் இருக்கிறது, ஆனால் பொருள் 'அரிதாகவே' என்று மாறிவிட்டது. வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் கவனிக்கவும். 'ஐ வொர்க் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறேன். 'ஐ ஹார்ட்லி வொர்க்' என்று எழுதினால், வேலையே செய்வதில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.